வெளியே போன வேலை, உள்ளே தங்காத அறிவு

கேள்வியும் அதன் எல்லையும்

எந்த வேலையைத் தானே செய்வது, எதைப் பிறரிடம் கொடுத்துச் செய்விப்பது என்பது ஒவ்வொரு நிறுவனமும் எதிர்கொண்டாக வேண்டிய பழைய கேள்வி. 1989-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் தன் கணினி மையத்தை நடத்தும் பொறுப்பை ஐபிஎம்மிடம் ஒப்படைத்தபோது, பெருநிறுவன உலகம் அதைப் பெரும் துணிச்சலாகப் பார்த்தது. கணினிப் பிரிவு என்பது நிறுவனத்தின் மூளை, அதை எப்படி அயலாரிடம் கொடுப்பது என்று அன்று கேட்டார்கள். பத்தே ஆண்டுகளில் அப்படிக் கேட்பவர்கள் அருகிப்போனார்கள். இன்று ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டு மனு சென்னையில் சரிபார்க்கப்படுவதும், அதே மனுவின் முதல் வாசிப்பை ஒரு மென்பொருள் செய்து முடிப்பதும் அன்றாடம்.

இந்த மாற்றத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டே கணக்குகளோடு நின்றுவிடுகின்றன: எவ்வளவு செலவு மிச்சம், எத்தனை பேருக்கு வேலை போயிற்று. இரண்டும் அவசியமான கணக்குகள்தான். ஆனால் மூன்றாவதாக ஒன்று உண்டு. ஒரு வேலை கைமாறும்போது, அந்த வேலையைப் பற்றிய அறிவு எங்கே போகிறது? இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவுட்சோர்சிங்கையும் தானியக்கத்தையும் தனித்தனிப் போக்குகளாகப் பார்ப்பது தவறு. முன்னது பின்னதற்கு நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்தது. வெளியே கொடுப்பதற்காக வேலையைப் படிப்படியாகப் பிரித்து எழுதினார்கள். பிரித்து எழுதிய வேலையை எந்திரத்திடம் கொடுப்பது எளிதாயிற்று. இந்த இரண்டு கைமாற்றங்களிலும் எழுத்தில் வராத அறிவுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்லாத பகுதியில்தான் முடிவாகியிருக்கின்றன.

மூன்று விளக்கங்கள்

கல்விப்புலத்தில் இதற்கு மூன்று விளக்கங்கள் செல்வாக்கு பெற்றவை. முதலாவது பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1937-இல் முன்வைத்தது. சந்தையில் எல்லாவற்றையும் விலைக்கு வாங்க முடியும் என்றால் நிறுவனம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்று அவர் கேட்டார். ஆள் தேடுவதற்கும் பேரம் பேசுவதற்கும் ஒப்பந்தத்தைக் கண்காணிப்பதற்கும் செலவு இருக்கிறது. அந்தச் செலவு அதிகமாகும் இடத்தில் வேலை உள்ளே நடக்கிறது, குறையும் இடத்தில் வெளியே போகிறது என்பது அவர் விடை. இதை விரித்தெடுத்த ஆலிவர் வில்லியம்சன் 2009-இல் நோபல் பரிசு பெற்றார். இணையமும் மலிவான தொலைத்தொடர்பும் இந்தச் செலவைக் குறைத்தன, ஆகவே அவுட்சோர்சிங் பெருகியது என்று இவ்வழியில் வருபவர்கள் விளக்குகிறார்கள். சரியான விளக்கம், ஆனால் பாதி விளக்கம். பேரத்துக்கு ஆகும் செலவு அதில் தெரிகிறது. கற்றுக்கொள்வதை இழப்பதால் ஆகும் செலவு தெரிவதில்லை.

இரண்டாவது, சி.கே. பிரகலாதும் கேரி ஹாமலும் 1990-இல் எழுதிய, நிறுவனத்தின் மையத் திறன் பற்றிய கட்டுரை. கோயம்புத்தூரில் பிறந்து சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல் படித்தவர் பிரகலாத். மையத் திறனை உள்ளே வைத்துக்கொள், மற்றதையெல்லாம் வெளியே கொடு என்பதற்கு இந்தக் கட்டுரையைத்தான் மேலாண்மை ஆலோசகர்கள் சான்றாகக் காட்டி வந்திருக்கிறார்கள். மூலத்தைப் படித்தால் அதன் தொனி வேறு. வெளியே கொடுப்பது நல்ல பொருளுக்குக் குறுக்குவழியாக இருக்கலாம், ஆனால் மனிதர்களிடம் திரளும் திறனை அது வளர்ப்பதில்லை என்று ஆசிரியர்கள் அதில் எச்சரிக்கிறார்கள். எஞ்சினை இன்னொரு உதிரிபாகமாகக் கருதி வெளியிலிருந்து வாங்கிய கிரைஸ்லரையும், எஞ்சின் தயாரிப்பை எவரிடமும் விட்டுக்கொடுக்காத ஹோண்டாவையும் அருகருகே நிறுத்திக் காட்டுகிறார்கள். எச்சரிக்கையாக எழுதப்பட்டதை அனுமதிச்சீட்டாக வாசித்துவிட்டார்கள்.

மூன்றாவது, வேலைகளை இடம் மாற்றக்கூடியவை, எந்திரமாக்கக்கூடியவை என்று வகைப்படுத்தி எண்ணும் ஆய்வுகள். பொருளியலாளர் ஆலன் பிளைண்டர் 2006-இல், மின்வழியே தரம் கெடாமல் அனுப்பக்கூடிய சேவைகள் நாடு கடக்கக்கூடும் என்று எழுதினார். 2013-இல் ஆக்ஸ்போர்டின் ஃபிரேயும் ஆஸ்போர்னும் அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு கணினிமயமாகும் ஆபத்தில் இருப்பதாக மதிப்பிட்டனர். தலைப்புச் செய்தியான அந்த 47-ஐப் பற்றி ஏராளமாக விவாதித்தாயிற்று. என் தயக்கம் வேறொரு இடத்தில். இவ்வகை ஆய்வுகள் ஒவ்வொரு வேலையையும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட ஒன்றாக எடுத்துக்கொள்கின்றன. ஒரு வேலையை அனுப்பத்தக்கதாகவும் எந்திரமாக்கத்தக்கதாகவும் ஆக்குவதற்கே பெரும் உழைப்பு தேவைப்படுகிறது. அந்த உழைப்பு நம் ஊரில் நடந்தது.

ஒப்படைப்பின்போது நடப்பது

ஜெனரல் எலெக்ட்ரிக் 1997-இல் இந்தியாவில் தொடங்கிய பின்னலுவலகம் பிற்பாடு ஜென்பாக்ட் என்ற தனி நிறுவனமாயிற்று. சென்னையில் டைடல் பார்க் 2000-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் சேவை மையமும் உலக வங்கியின் அலுவலகமும் இங்கே வந்தன. அமெரிக்க மருத்துவர்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் மருத்துவப் படியெடுப்பு நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்த காலமும் இதை ஒட்டித்தான்.

இம்மாதிரி ஒப்படைப்பு எப்படி நடக்கிறது என்பதை அந்தத் துறையில் இருந்தவர்கள் அறிவார்கள். அதற்குக் கேடி என்று பெயர், அதாவது நாலெட்ஜ் டிரான்ஸ்பர். இங்கிருந்து ஒரு குழு லண்டனுக்கோ நியூ ஜெர்ஸிக்கோ போகும். அங்கே அந்த வேலையைப் பல்லாண்டாகச் செய்துவருபவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் திரையில் எதை அழுத்துகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளும். இது ஷேடோ. பிறகு இவர்கள் செய்ய, அவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். இது ரிவர்ஸ் ஷேடோ. முடிவில் எஸ்ஓபி என்கிற செயல்முறை ஆவணம் தயாராகும். எத்தனை மணி நேரத்துக்குள், எவ்வளவு பிழைக்குள் என்று எஸ்எல்ஏ என்கிற சேவைத்தர ஒப்பந்தம் எழுதப்படும். கையெழுத்தானபின் பல இடங்களில் அந்தப் பழைய ஊழியரின் வேலை போய்விடும். தன் வேலையைத் தானே சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியேறுகிறவரின் நிலையை இந்தத் துறை போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் கருத்து.

ஆவணத்தில் எது வரும், எது வராது? விற்பவரின் பில்லை எடுத்துக்கொள்வோம். பில், கொள்முதல் ஆணை, சரக்கு வந்துசேர்ந்த ரசீது ஆகிய மூன்றும் ஒத்துப்போனால் பணம் கொடுக்கலாம். இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும். இது எழுத்தில் வரும். குறிப்பிட்ட ஒரு விற்பனையாளர் லாரி வாடகையை எப்போதும் அடுத்த மாத பில்லில்தான் சேர்ப்பார், அந்தத் தொகை இடிப்பது பிழையில்லை என்பது பழைய கணக்கருக்குத் தெரியும். அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை, சொல்லத்தக்க செய்தி என்று அவருக்கும் தோன்றவில்லை. தத்துவவாதி மைக்கேல் போலன்யி 1966-இல் வெளியிட்ட சிறு நூலில் இதைத்தான் பேசினார்: நமக்குத் தெரிந்தவற்றில் ஒரு பகுதியே நம்மால் சொல்லக்கூடியது.

சென்னையிலும் புதுச்சேரியிலும் நடக்கும் பதிப்புத்துறை வேலை இன்னும் தெளிவான சான்று. ஐரோப்பிய, அமெரிக்க ஆய்விதழ்கள் பலவற்றின் பக்கங்கள் இங்கேதான் உருவாகின்றன. ஆய்வாளரின் கட்டுரை வேர்ட் கோப்பாக வரும். பிரதி திருத்தி, எக்ஸ்எம்எல் குறிகள் இட்டு, பக்கம் கட்டி, மெய்ப்பை ஆசிரியருக்கு அனுப்புவார்கள். கட்டுரையின் ஒவ்வோர் உறுப்பையும் இது தலைப்பு, இது மேற்கோள் நூலின் ஆண்டு, இது சமன்பாடு என்று குறியிட்டுப் பிரித்த அந்த நொடியில் மென்பொருளுக்கும் அது வாசிக்கக்கூடியதாகிவிட்டது. நூற்பட்டியலைச் சீராக்கும் வேலையில் பெரும்பகுதி இன்று தானாகவே நடக்கிறது. சிக்கலான அட்டவணை, கணிதச் சமன்பாடு, ஆசிரியர் சொல்ல வந்தது இதுதானா என்று கேட்க வேண்டிய இடம், இவை மனிதரிடம் எஞ்சியிருக்கின்றன. அலுவலகங்களில் பாட் என்று சொல்லப்படும் ஆர்பிஏ (ரோபோட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்) மென்பொருள்களும் இதே வழியில் வந்தவை. எஸ்ஓபியில் எழுதியிருந்த அழுத்தங்களையே அவை மனிதருக்குப் பதிலாக அழுத்தின. எந்திரத்துக்கான பாடநூலை அயலகத்துப் பின்னலுவலக ஊழியர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்.

போயிங்: இணைப்பிடத்தில் இருந்த அறிவு

உள்ளே தங்காத அறிவின் விலை என்ன என்பதைப் பார்க்க, மென்பொருளை விட்டு விமானத் தொழிற்சாலைக்குப் போவது உதவும். போயிங் தன் 787 விமானத்தை 2004-இல் அறிவித்தபோது, உதிரிபாகங்களை மட்டுமல்லாமல் முழுப் பகுதிகளின் வடிவமைப்பையும் தயாரிப்பையுமே கூட்டாளிகளிடம் கொடுத்தது. இறக்கை ஜப்பானின் மிட்சுபிஷியில், உடற்பகுதிகள் இத்தாலியின் அலெனியா, ஜப்பானின் கவசாகி, அமெரிக்காவின் வாட், ஸ்பிரிட் ஆகியவற்றில். முழுதாய் முடிந்த பகுதிகள் சியாட்டிலுக்கு அருகே எவரெட் நகருக்கு வரும், சில நாளில் பூட்டிவிடலாம் என்பது திட்டம்.

2007 ஜூலை 8-ஆம் நாள் விமானம் விழா எடுத்துக் காட்டப்பட்டபோது அது தற்காலிக ஆணிகளால் பிணைக்கப்பட்டிருந்தது. உள்ளே அமைப்புகள் பெரும்பாலும் இல்லை. 2008 மே மாதம் ஒப்படைக்க வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் ஜப்பானின் ஆல் நிப்பான் ஏர்வேஸ் கைக்குப் போயிற்று. இடையில் 2009-இல், தடுமாறிய கூட்டாளியான வாட்டின் தென் கரோலினா தொழிற்சாலையைப் போயிங் தானே விலைக்கு வாங்க வேண்டி வந்தது.

இது முன்கூட்டிச் சொல்லப்படாத விபத்து அல்ல. 2001-இலேயே போயிங்கின் பொறியாளர் எல்.ஜே. ஹார்ட்-ஸ்மித் நிறுவனத்தின் உள்கருத்தரங்கில் ஓர் ஆய்வுரை அளித்திருந்தார். வேலையை வெளியே கொடுத்தால் இலாபமும் அதோடு வெளியே போகும். தவிர, வெளியே கொடுப்பதால் பொறுப்பு குறையாது, பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துவதை உறுதிசெய்யும் வேலை கூடும். அதற்கான செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் சொன்னது கேட்கப்படவில்லை.

விமானத்தின் அறிவு இறக்கையிலோ வாலிலோ தனியாக இல்லை. இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் இருக்கிறது. அந்த இணைப்பிடம் எந்த ஒப்பந்தக்காரருக்கும் சொந்தமில்லை. இதே இடைவெளி 2024 ஜனவரி 5-ஆம் நாள் வேறுவகையில் வெளிப்பட்டது. அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் விமானம் பறந்துகொண்டிருக்கையில் அதன் பக்கவாட்டு அடைப்பு பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்த உடற்பகுதியைச் செய்தது ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ். 2005 வரை அது போயிங்கின் விசிட்டா பிரிவு. ஸ்பிரிட்டில் நேர்ந்த ஆணிக் குறையைச் சரிசெய்ய போயிங்கின் ரென்டன் ஆலையில் அந்த அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். மீண்டும் மூடியபோது நான்கு போல்ட்டுகள் போடப்படவில்லை, திறந்ததற்கான பதிவும் இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. அந்த ஆண்டு ஜூலையில் போயிங் ஸ்பிரிட்டைத் திரும்ப வாங்க ஒப்புக்கொண்டது.

வங்கித் துறையில் இதற்கு நிகரானது பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி. 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளரின் கணக்குகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியபோது, லட்சக்கணக்கானோர் தம் பணத்தையே பார்க்க முடியாமல் தவித்தனர். வேலையைச் செய்தது வங்கியின் அப்போதைய தாய்க் குழுமமான சபடெல்லின் நிறுவனம். அது மேலும் பல துணை ஒப்பந்தக்காரர்களை நம்பியிருந்தது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்ட் அபராதம் விதித்தன. அபராதம் வேலையைச் செய்தவருக்கு அல்ல, வேலையைக் கொடுத்தவருக்கு. வேலையைக் கொடுக்கலாம், பொறுப்பைக் கொடுக்க முடியாது என்பது இப்போது பல நாடுகளின் வங்கி ஒழுங்குமுறை.

எதிர்ச்சான்று

இத்தனையும் ஒரு பக்கத்துச் சான்று. மறுபக்கம் வலுவானது. சில்லு தயாரிக்கும் ஏஎம்டி 2009-இல் தன் ஆலைகளைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. பிற்காலத்தில் தன் முன்னணிச் சில்லுகளைத் தைவானின் டிஎஸ்எம்சியிடம் கொடுத்துச் செய்வித்தது. அதற்குப் பிறகுதான், ஆலையையும் வடிவமைப்பையும் உள்ளேயே வைத்திருந்த இன்டெலை அது தொழில்நுட்பத்தில் எட்டிப் பிடித்தது. வெளியே கொடுத்தால் அறிவு போய்விடும் என்பது பொது விதியானால் இது நடந்திருக்கக் கூடாது.

வேறுபாடு எங்கே? சில்லு வடிவமைப்பவருக்கும் ஆலைக்கும் இடையிலுள்ள எல்லை முழுக்க எழுத்தில் இருக்கிறது: எவ்வளவு மெல்லிய கோடு வரையலாம், எவ்வளவு இடைவெளி வேண்டும் என்ற வடிவமைப்பு விதிகள், கோப்பு வடிவங்கள், சோதனை முறைகள். எல்லையின் இருபுறமும் கற்றல் தொடர்கிறது. 1987-இல் மோரிஸ் சாங் தொடங்கிய டிஎஸ்எம்சி, பல வாடிக்கையாளரின் வேலையைச் செய்து செய்து தன் அறிவைப் பெருக்கிக்கொண்டது. ஏஎம்டி வடிவமைப்பில் தன் அறிவைப் பெருக்கிக்கொண்டது. எனவே கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டும். வேலை உள்ளே நடக்கிறதா வெளியே நடக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். பிரித்த இடத்தில் சொல்லாமல் விட்ட அறிவு எவ்வளவு, அதைத் தொடர்ந்து கற்றுக்கொள்ள இரு தரப்பிலும் ஆள் இருக்கிறார்களா என்பதே முதன்மை. எஸ்ஓபி வழியாகப் போன பெரும்பாலான அலுவலக வேலைகளில் இந்த இரண்டாவது நிபந்தனை நிறைவேறவில்லை. கொடுத்தவர் கற்பதை நிறுத்திவிட்டார். வாங்கியவருக்கோ கற்றதற்குப் பணமில்லை, எண்ணிக்கைக்குத்தான் பணம்.

பேசிப் பழகியவர்களின் அறிவு

எழுதப்படாத அறிவு எந்திரத்துக்கு எட்டாது என்ற நம்பிக்கை 2020 வரை நியாயமானதாக இருந்தது. பெருமொழி மாதிரிகள் அதை அசைத்துவிட்டன. விதியை எழுதித் தர வேண்டியதில்லை. நடந்த உரையாடல்களையும் முடிந்த வேலைகளையும் கொட்டிக் கொடுத்தால் போதும், வழக்கத்தை அவை தாமே பிடித்துக்கொள்கின்றன.

இதற்கு நம்பத்தகுந்த சான்று எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சி ரேமண்ட் மூவரும் 2023-இல் வெளியிட்ட ஆய்வு. வாடிக்கையாளர் சேவையில் இருந்த 5,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸில் இருந்தவர்கள். செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வந்தபின் ஒரு மணி நேரத்தில் தீர்க்கப்படும் புகார்களின் எண்ணிக்கை சராசரியாக 14 விழுக்காடு கூடியது. புதியவர்களிடம் 34 விழுக்காடு. அனுபவசாலிகளிடம் ஏறக்குறைய எதுவும் இல்லை.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். புதியவர்களுக்கு எந்திரம் சொல்லிக்கொடுத்தது எந்திரத்தின் சொந்தச் சரக்கு அல்ல. திறமையானவர்களின் உரையாடல்களிலிருந்து அது திரட்டியது. கோபத்தில் இருப்பவரிடம் எந்தச் சொல்லை முதலில் சொல்வது, எந்தக் கேள்வி பிரச்சினையின் வேரைக் காட்டும் என்பவை அந்த அனுபவசாலிகள் ஆண்டுக்கணக்கில் இரவுப் பணியில் கற்றவை. அவை இப்போது எல்லோருக்கும் பொதுவாயின. கற்பித்தவர்களுக்கு அதற்காகக் கூடுதலாக எதுவும் கிடைப்பது வழக்கமில்லை; இதை அந்த ஆய்வாளர்களே ஒரு பிரச்சினையாகச் சுட்டுகிறார்கள். கேடி என்ற பெயரில் முன்பு ஒருமுறை நடந்த கைமாற்றம், பெயரே இல்லாமல் இப்போது தினமும் நடக்கிறது.

எந்திரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் என்று அவசரப்படுவதற்கும் இடமில்லை. சுவீடனின் கிளார்னா நிறுவனம் 2024-இல் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 ஊழியர்களின் வேலையைச் செய்வதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே அதன் தலைவர், செலவை மட்டும் பார்த்ததில் தரம் குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு மனிதர்களை மீண்டும் எடுக்கத் தொடங்கினார்.

எந்திரத்தின் பின்னாலும் மனிதர் இருக்கிறார்கள். படங்களை அடையாளம் காண எந்திரங்களுக்குக் கற்றுத்தந்த இமேஜ்நெட் தொகுப்பின் 1 கோடியே 40 லட்சம் படங்களுக்குப் பெயரிட்டவர்கள், அமேசானின் மெக்கானிக்கல் டர்க் வழியாகத் துண்டு துண்டாகக் கூலி வாங்கிய பல்லாயிரவர். தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் இன்று படத்துக்குக் கட்டம் போடுவதும் ஒலிப்பதிவுக்கு எழுத்து வடிவம் தருவதும் படித்த பெண்கள் பலருக்கு வீட்டருகே கிடைக்கும் வேலை. ஊரைவிட்டுப் போகாமல் சம்பாதிக்க முடிகிறது என்பது சிறிய நன்மை அல்ல. ஆனால் பயிற்சித் தரவு தயாரானதும் அந்த வேலை முடிந்துபோகிறது.

திரும்பி வரும் வேலைகள்

இதற்கிடையே நிறுவனங்கள் ஒன்றைப் புரிந்துகொண்டிருக்கின்றன. வெளியே கொடுத்த வேலையைப் பலரும் திரும்ப எடுக்கிறார்கள். தம் நாட்டுக்கு அல்ல, இந்தியாவில் தமக்கே சொந்தமான மையங்களுக்கு. ஜிசிசி எனப்படும் இந்த உலகளாவிய திறன் மையங்கள் 1,700-க்கும் மேல், அவற்றில் சுமார் 19 லட்சம் பேர் என்று தொழில்துறை அமைப்பான நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான ஜின்னோவும் 2024-இல் மதிப்பிட்டன. மலிவான உழைப்பு மட்டும் போதும் என்றால் ஒப்பந்த நிறுவனமே போதும். கற்றது தன் சுவருக்குள் தங்க வேண்டும் என்ற கணக்குதான் சொந்த மையத்தைக் கட்ட வைக்கிறது. தரவும் மாதிரியும் தன்னுடையதாக இருக்க வேண்டிய காலத்தில் அந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது.

ஆள்தலைக்கு இவ்வளவு என்று பில் போட்டு வளர்ந்த ஒப்பந்த நிறுவனங்களுக்கு இது இருமுனை நெருக்கடி. ஒருபக்கம் வாடிக்கையாளர் சொந்த மையம் தொடங்குகிறார். மறுபக்கம் எந்திரம் ஆள்தலையைக் குறைக்கிறது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியரில் சுமார் 2 விழுக்காடு, ஏறக்குறைய 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருப்பவர்களை. அனுபவத்துக்குச் சம்பளம் கூடும், ஆனால் அனுபவத்துக்கு பில் போட வழியில்லை என்ற ஒப்பந்த முறையின் விளைவாகவே நான் இதைப் பார்க்கிறேன்.

தமிழ்நாடு செய்யக்கூடியவை

உலகத்தின் எழுதப்பட்ட வேலையைச் செய்து கால் நூற்றாண்டாக வளர்ந்த மாநிலம் நம்முடையது. அந்த வளர்ச்சியைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வீடுகளை அது நிமிர்த்தியிருக்கிறது. ஆனால் எழுதப்பட்ட வேலையை நம்பியே இனி இருக்க முடியாது.

தமிழக அரசு 2024-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், திறன் மையங்கள் உருவாக்கும் மாதம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஊதிய வேலைகளுக்கு முதல் ஆண்டு 30, இரண்டாம் ஆண்டு 20, மூன்றாம் ஆண்டு 10 விழுக்காடு ஊதிய மானியம் அறிவித்தது. இந்த மானியத்தோடு ஒரு நிபந்தனையை இணைக்கலாம்: வேலை மட்டும் வந்தால் போதாது, அதை வடிவமைக்கும் பொறுப்பும் முடிவெடுக்கும் பொறுப்பும் இங்கே வர வேண்டும். தகவல் தொழில்நுட்ப ஊழியருக்குச் சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்று 2016-இல் தெளிவுபடுத்திய மாநிலம் இது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் சங்கங்கள் பணிநீக்கத்தின்போது மட்டும் பேசினால் போதாது. ஊழியரின் உரையாடலும் திருத்தமும் எந்திரத்துக்குப் பயிற்சியாகும்போது அது முன்கூட்டி அறிவிக்கப்பட வேண்டும், அதற்கென ஊதியம் பேசப்பட வேண்டும் என்று கேட்க வேண்டும். நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் எஸ்எல்ஏவுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரு பங்கையாவது, இரு தரப்பிலும் யார் எதைத் தொடர்ந்து கற்கப்போகிறார்கள் என்பதற்கு ஒதுக்க வேண்டும்.

இந்த மூன்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. அடுத்த ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு முன் பேசத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.